புன்னைமரக் கேடயம்

அப்துல் கையூம் செய்த குற்றம் இவ்வளவுதான்: பதினான்கு கேள்விகள் கேட்ட ஒரு சர்க்கார் படிவத்தில் பதினான்கு இடத்திலும் உண்மையை எழுதிவிட்டார்.

எண்ணெய் விலை தாறுமாறாக ஏறி, காகிதத்துக்குப் பஞ்சம் வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்கு வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் வருஷம் அது. அரசாங்கத்துக்குத் திடீரென்று பூமியின் மேல் இரக்கம் பிறந்துவிட்டது. சர்க்கார் கட்டடங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் மரத்தையும் மண்ணையும் தின்று தீர்க்கின்றன என்று யாரோ ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் சொல்ல, செங்கல்பட்டில் 'அரசுக் கட்டட இயற்கை வளச் சிக்கனத் தனிப்பிரிவு' அவதரித்தது. அவதரித்த அன்றைக்கே அதற்கு மூன்று மாடி, நாற்பத்திரண்டு மின்விசிறி, இரண்டு ஜீப், தேக்கு மரத்தில் பதினாறு மேசை. 'மரங்களைக் காப்போம்' என்று வழவழப்பான கெட்டித் தாளில் எண்பதாயிரம் சுவரொட்டி அச்சடித்தார்கள். ஒட்டச் சுவர் போதவில்லை. மிச்சத்தை மரங்களில் ஆணி அடித்து மாட்டினார்கள்.

அந்தப் பிரிவின் முதல் படிவம் திருவிடந்தைக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தில் இருந்த சர்க்கார் மருந்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. மருந்தகம் என்றால் ஓடு வேய்ந்த ஒரே அறை. வாசலில் ஆறு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ஒரு புன்னை மரம். டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார். மழை பெய்தால் வரமாட்டார், வெயில் அடித்தாலும் யோசிப்பார். மற்றபடி கம்பவுண்டர் கையூமும் ஆயா மார்கரெட்டும்தான் மருந்தகம்.

மின்விளக்குகள் எத்தனை? கையூம் 'இல்லை' என்று எழுதினார். மின்விசிறிகள்? இல்லை. குழாய்கள்? இல்லை. தட்டச்சு இயந்திரம், வாகனம், நாற்காலிக்கு மெத்தை? இல்லை, இல்லை, இல்லை. கடைசியாக, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு முப்பது விழுக்காடு குறைக்கப்பட்டதா? அங்கேதான் மனுஷர் கொஞ்சம் யோசித்தார். ஒன்றுமில்லாததில் முப்பது விழுக்காடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயும் 'இல்லை' என்றே எழுதி அனுப்பினார்.

பத்தாம் நாள் மெமோ வந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். விளக்கம் ஐந்து நகலில் இருக்க வேண்டுமாம்.

தனிப்பிரிவின் தலைவர் பார்த்தசாரதி ஆறு விசிறிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு கண்ணாடிக் குண்டு.

"மிஸ்டர் கையூம், சிக்கனம்னா என்ன? முதல்ல ஒரு செலவு இருக்கணும். அப்புறம் அதைக் குறைக்கணும். செலவே பண்ணாத ஆள் எதைக் குறைப்பான்? நீங்க பண்றது சிக்கனம் இல்லை. ஒத்துழையாமை."

"சார், எங்க மருந்தகத்துக்கு கரண்டே கிடையாதே சார்."

"அதைத்தான் சொல்றேன். என்னைப் பாருங்க. போன மாசம் இந்த ரூம்ல எட்டு ஃபேன். இப்ப ஆறு. இருபத்தஞ்சு விழுக்காடு! எப்படி முடிஞ்சுது? ரெண்டு ஃபேனை முன்கூட்டியே அதிகமா மாட்டி வச்சிருந்தேன். தொலைநோக்கு வேணும், மிஸ்டர் கையூம். எல்லாரும் உங்களை மாதிரியே இருந்துட்டா இந்தப் பிரிவுக்கு வேலை என்ன? நூத்தியிருபது குடும்பம் இதை நம்பி இருக்கு!"

நூற்றியிருபது குடும்பத்தின் வயிற்றில் அடித்த பாவியாகக் கையூம் தலைகுனிந்து நின்றார். வெளியே வந்தபோது தலைமை எழுத்தர் கிஃபாயத்துல்லா தோளில் தட்டிக் கொடுத்தார். "கவலைப்படாதீங்க பாய். நம்ம ஆளு நீங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து எட்டு மாதம் விடாமல் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமே இரண்டு ஜீப்பில் ஏழு பேர் ஆய்வுக்கு வந்து இறங்கினார்கள். புன்னை நிழலில் ஜமக்காளம் விரித்து, முப்பது இளநீர் குடித்து, இரண்டு மணி நேரம் கண்ணை மூடி ஆய்வு செய்தார்கள். பிறகு எழுந்து உள்ளே வந்தார்கள். மூலையில் இருந்த பெரிய பானையைப் பார்த்ததும் பார்த்தசாரதியின் புருவம் ஏறியது.

"இது என்ன?"

"பானை சார். உள்ள ஈர மணல். மணலுக்குள்ள சின்னப் பானை. அதுக்குள்ள பாம்புக்கடி சீரம், அஞ்சு குப்பி."

கையூமின் உயிரே அந்த ஐந்து குப்பியில்தான் இருந்தது. சுற்று வட்டாரமெங்கும் சவுக்குத் தோப்பு, தோப்பெல்லாம் விரியன். கடிபட்டவனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பொழுது போய்விடும், ஆளும் போய்விடுவான். குளிர்ச்சியில் இருக்கும்வரை சீரம் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். சூடு ஏறினால் பால் திரிந்தது மாதிரி ஆகிவிடும், அப்புறம் எதற்கும் உதவாது. மர நிழலும் கடல் காற்றும் ஈர மணலுமாகச் சேர்ந்து அதைக் காப்பாற்றி வந்தன. போன வருஷம் மட்டும் ஒரு விறகு வெட்டியும் ஏழு வயசுப் பெண் குழந்தையும் அந்தப் பானையால் பிழைத்தார்கள்.

"மணல் ஏது?"

"கடற்கரைதான் சார்."

"இயற்கை வளம்! தண்ணி?"

"தினம் ரெண்டு செம்பு."

"அதுவும் இயற்கை வளம்! கிஃபாயத்துல்லா, அங்கீகரிச்ச கொள்முதல் பட்டியல்ல பானை இருக்கா?"

கிஃபாயத்துல்லா முந்நூறு பக்கப் பட்டியலைப் புரட்டினார். "பானை இல்லீங்க சார். ஃபிரிட்ஜ் இருக்கு."

"அப்ப ஃபிரிட்ஜ் போடுங்க. கரண்ட் லைன் இழுங்க. மீட்டர் வரட்டும். அப்புறம் பாருங்க, எவ்வளவு குறைக்கறோம்னு!" அவர் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "வெளியில இந்த வெயில். உள்ள ஜில்லுனு இருக்கே, எப்படி?"

"மரம் சார்."

"இந்தக் குளிர்ச்சிக்கு மீட்டர் எங்கே? மீட்டர் இல்லாத குளிர்ச்சியை நான் படிவத்துல எந்தக் கட்டத்துல காட்டுவேன்?"

லைன் வர வேண்டிய வழியில் மரம் நின்றது. மரம் எந்தப் பதிவேட்டிலும் நிற்கவில்லை. ஆகவே மரம் போக வேண்டும் என்று நிமிஷத்தில் முடிவாயிற்று.

துடைப்பத்தோடு நின்ற மார்கரெட் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சார், இத்த வெட்டிட்டீங்கன்னா எங்க வூட்டு அடுப்பு இன்னாத்த துன்னும்? இத்தோட சுள்ளி, சருகு வச்சித்தான் ஒல வைக்கறேன். இல்லாங்காட்டி சவுக்குத் தோப்புக்குத்தான் போவணும். அங்க கால வச்சா விரியன் கீது சார்."

"விரியனா?" பார்த்தசாரதி சிரித்தார். "அதுக்குத்தாம்மா சீரம் வச்சிருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். மார்கரெட்டும் சிரித்துவைத்தாள். சர்க்கார் சிரிக்கும்போது சிரிக்காமல் நின்றால் நன்றாகவா இருக்கும்?

மரத்தை வெட்ட நாலு ஆளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடிமரத்தை 'மீட்கப்பட்ட வளம்' என்று சீட்டு ஒட்டி லாரியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஃபிரிட்ஜ் வந்த அன்றைக்கே பானையை 'அங்கீகாரமற்ற கலன்' என்று எழுதிக்கொண்டு, சாட்சிகள் இருவர் முன்னிலையில் உடைத்தார்கள்.

பிப்ரவரியில் மின்சாரம் வந்தது. அந்த ஒரே அறைக்கு நாலு விசிறி, இருநூறு வாட்டில் ஆறு பல்பு, ஆள் உயர ஃபிரிட்ஜ் ஒன்று. கூடவே ஒரு சுற்றறிக்கை: 'அடிப்படை மாதத்தில் மின் நுகர்வு தாராளமாக இருத்தல் நலம். பின்னர் குறைப்பதற்கு அது ஏதுவாகும்.' ஆகவே பல்புகள் பகலும் இரவும் எரிந்தன. திறந்த கதவு வழியே நாலு விசிறியும் கடலுக்குக் காற்று வீசின.

"பட்டப்பகல்ல இத்தினி லைட்டா!" என்றாள் மார்கரெட். "சூரியனுக்கே வெக்கமாய்ப் பூடும் பாய்."

ஆனால் ஃபிரிட்ஜ் விஷயத்தில் கையூமுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தினமும் காலையில் திறந்து ஐந்து குப்பிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சுனைத் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடக்கும். மரம் போன வருத்தம்கூடப் பாதி ஆறிவிட்டது. மார்கரெட் ஒரு பாட்டில் தண்ணீரை அதில் வைத்து எடுத்து, கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கேட்பாள்: "ஊட்டி இப்டித்தான் இருக்குமா பாய்?"

"நான் எங்க ஊட்டிய கண்டேன்? செங்கல்பட்டு தாண்டினதில்ல."

மார்ச் மாதம் 'குறைப்பு தொடங்குக' என்று உத்தரவு வந்தது. இங்கேதான் கையூம் தன் வாழ்க்கையின் இரண்டாவது தப்பைச் செய்தார். தேவையில்லாத பல்பு ஆறையும் விசிறி நாலையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியது. முப்பது விழுக்காடு கேட்ட இடத்தில் எண்பது விழுக்காடு குறைந்தது. செங்கல்பட்டில் லட்டு வழங்கினார்கள். கையோடு அடுத்த உத்தரவும் வந்தது: ஏப்ரலில், மார்ச்சைவிட முப்பது விழுக்காடு குறைக்க வேண்டும்.

கையூம் விழுந்தடித்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடினார். கிஃபாயத்துல்லா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன பாய் இப்படிப் பண்ணிட்டீங்க! சிக்கனத்தையெல்லாம் ஒரே மாசத்துல கொட்டிக் கவுத்துட்டீங்களே! மார்ச்சுல ரெண்டு ஃபேன், ஏப்ரல்ல ஒரு ஃபேன், மே மாசம் ரெண்டு பல்புன்னு தவணையில குறைச்சிருந்தா மூணு வருஷம் ஓட்டியிருக்கலாம். எங்க ஆபீஸ்ல பாருங்க, மாடிப்படி லைட்டை மட்டும் வருஷத்துக்கு ஒண்ணா அணைக்கறோம். இன்னும் ஒன்பது வருஷத்துக்கு இருக்கு."

"இப்ப ஃபிரிட்ஜ்தான் பாய் ஓடுது. அதை நிறுத்தினா மருந்து போயிடும்."

"முழுசா நிறுத்தச் சொல்லலியே. முப்பது விழுக்காடுதானே!"

ஏப்ரலில் ஃபிரிட்ஜ் நாளுக்கு ஏழு மணி நேரம் ஓய்வெடுத்தது. மே மாதம் பன்னிரண்டு மணி நேரம். கத்திரி வெயில் ஓட்டின் மேல் நேராக இறங்கியது. தடுக்க ஒரு இலை கிடையாது. மார்கரெட்டின் புருஷன் பன்னீர்செல்வம் மகாபலிபுரத்துக்கு மீன் ஏற்றிப் போகிறவன். கையூம் படும் பாட்டைப் பார்த்து, தினமும் சாக்கில் சுற்றி ஒரு பாளம் ஐஸ் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் போட்டான்.

"மீனுக்குப் போட்டதுல ஒரு கட்டி. வச்சிக்க பாய். இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?"

குப்பிகள் தெளிவாகவே இருந்தன. மருந்து பிழைத்தது என்று கையூம் அல்லாவுக்கு நன்றி சொன்ன ஜூன் மாதத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு ஜீப்பும் வந்து நின்றன. பார்த்தசாரதி ஃபிரிட்ஜைத் திறந்தார். சாக்கைப் பிரித்தார்.

"இது என்ன?"

"ஐஸ் சார். விலைக்கு வாங்கல. இனாம்."

"ஐஸ் எங்கே செய்யறாங்க?"

"ஃபாக்டரியில."

"எதால?"

"கரண்ட்டால சார்."

"அப்ப இது மறைமுக மின் நுகர்வு! மிஸ்டர் கையூம், நீங்க ஐஸ் உருவத்துல மின்சாரம் கடத்தறீங்க. இங்க மீட்டர் குறையுது, அங்க மீட்டர் ஏறுது. பூமிக்கு எல்லாம் ஒரே பூமிதானே?"

இந்தக் கடைசி வாக்கியத்தை உடன் வந்த ஆறு பேரும் டைரியில் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஐஸ் கட்டியை மகஜர் எழுதிக் கைப்பற்றினார்கள். மகஜர் முடிவதற்குள் கைப்பற்றிய பொருள் உருகிவிட்டதால் ஈரச் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிளக்கைப் பிடுங்கி அரக்கு வைத்தார்கள். ஃபிரிட்ஜ் கதவுக்கும் குறுக்கே கயிறு கட்டி, அதன் மேலும் அரக்கை உருக்கி முத்திரை பதித்தார்கள்.

"சார், மருந்து உள்ள இருக்கு!"

"அங்கேயே இருக்கட்டும். சீரம் ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கணும்னு விதி. கதவைத் திறந்தா குளிர் வெளியே போயிடும்."

"கரண்டே இல்லாத ஃபிரிட்ஜுல குளிர் எங்க சார் இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன். இருக்கறதையாவது காப்பாத்தணும்."

"யாருக்காவது கடிச்சிட்டா?"

"படிவம் ஒன்பது. கடிபட்ட இடம், நேரம், பாம்பின் இனம். அஞ்சு நகல். வந்து சேர்ந்த உடனே ஜீப்ல ஆள் அனுப்பி முத்திரையை உடைப்போம். மக்கள் உயிர் விஷயத்துல நாங்க தாமதமே பண்ண மாட்டோம்."

கையூம் மனு எழுதினார். ஒரு மனு போட்டதற்குப் பதில், காகித விரயத்துக்கு எச்சரிக்கை. இரண்டாவது மனு போட்டதற்கு இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவதை எழுதிவிட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். முத்திரையைத் தானே உடைத்தால் வேலை போய்விடும். வீட்டில் மனைவி சைதூனும் நாலு பிள்ளைகளும். உடைக்காமல் இருந்தால்? அரக்கு பூசிய அந்தக் கதவைத் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுடும். கையை எடுத்துக்கொள்வார்.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும். பன்னீர்செல்வம் மார்கரெட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். அவள் கையில் இன்னும் சருகுக் கட்டு இருந்தது. கீழே போட மறந்துவிட்டாள். கணுக்காலில் இரண்டு புள்ளி.

"தோப்புல தான் பாய்," என்றாள். வெட்கப்பட்டுச் சொன்னமாதிரி இருந்தது. "கண்ணாடி விரியன். நல்லா பாத்துட்டேன். சீக்கிரம் ஊசிய போடு."

கையூம் எதையும் யோசிக்கவில்லை. மருந்து இடிக்கும் குழவியால் அரக்கை ஒரே அடி அடித்தார். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அனல் மூஞ்சியில் வந்து மோதியது. முதல் குப்பியை எடுத்து வெயிலில் பிடித்தார். கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். ஐந்தையும் எடுத்துப் பார்த்து முடித்த பிறகும், ஆறாவது ஒன்று இருக்குமோ என்று அவர் கை உள்ளே துழாவிக்கொண்டிருந்தது.

"இன்னா பாய், பால் மாதிரி கீது?" மார்கரெட் கேட்டாள். "முன்ன தண்ணி மாதிரில்ல இருந்துது?"

கையூம் அவள் காலில் கட்டுப் போட்டார். மீன் வண்டியில் மகாபலிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு பஸ். பஸ்ஸில் மார்கரெட்டுக்கு ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் மாற்றி உட்கார்த்தினார்கள். சாலையோர மரங்களிலெல்லாம் 'மரங்களைக் காப்போம்' சுவரொட்டிகள் போய்க்கொண்டிருந்தன. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பன்னீர்செல்வம் எழுந்து நின்று, "வண்டிய நிறுத்து" என்றான். கண்டக்டர் இங்கே ஸ்டாப்பிங் இல்லை என்றார். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

பத்து நாள் கழித்து இரண்டு உறைகள் ஒரே தபாலில் வந்தன.

ஒன்று, அரசு முத்திரையை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு. மற்றது, வாழ்த்து. மின் நுகர்வு: இல்லை. தண்ணீர்: இல்லை. சீரம் செலவு: இல்லை. ஊழியர் எண்ணிக்கை: ஐம்பது விழுக்காடு குறைப்பு. ஏழு மாத இடையறாத முயற்சியால் மருந்தகம் ஜனவரி மாத நிலையைத் திரும்ப எட்டிவிட்டது. மாவட்டத்தில் வேறெந்தக் கட்டடமும் இந்தச் சாதனையின் பக்கத்தில்கூட வரவில்லை. வாழ்த்துக்குரிய ஆளிடம் விளக்கம் கேட்பது பொருத்தமாக இராது என்பதால் முதல் உறை ரத்து செய்யப்படுவதாக மூன்றாவது உறை ஒன்றும் பின்னாலேயே வந்தது.

ஆகஸ்டில் விழா. பார்த்தசாரதி ஒரு மணி நேரம் பேசினார். "ஒரு எளிய கம்பவுண்டர். ஆரம்பத்தில் 'இல்லை, இல்லை' என்று எதிர்மறையாக எழுதினார். நாம் விடவில்லை. அவருக்கு மின்சாரம் கொடுத்தோம். அதை எப்படிக் குறைப்பது என்றும் கற்றுக் கொடுத்தோம். இன்று அவரிடம் குறைப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை!" கைத்தட்டலில் மிச்சமிருந்த நாற்பது விசிறியின் சத்தமும் அமுங்கிப் போயிற்று. பிறகு கேடயத்தை எடுத்துக் கையூமின் கையில் கொடுத்தார். "இதுவும் விலைக்கு வாங்கியதல்ல. மீட்கப்பட்ட வளத்தில் செய்தது."

கையூம் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மெருகு ஏற்றாமல் விட்டிருந்தார்கள். சிவந்த புன்னை. முகர்ந்து பார்த்தார். மருந்தகத்து வாசல் வாசனை அடித்தது.

விழா முடிந்ததும் கிஃபாயத்துல்லா மேசைக்குக் கூப்பிட்டார். "ஒரே ஒரு படிவம் பாய். திட்ட முடிவறிக்கை. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே டைப் அடிச்சு வச்சுட்டேன்."

கையூம் படித்துக்கொண்டே வந்தார். பதினான்காவது கேள்வியில் விரல் நின்றது. 'இத்திட்டத்தால் இழப்பு ஏதேனும் உண்டா?' எதிரே சுத்தமாக 'இல்லை' என்று அடித்திருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான். நீங்க எப்பவும் எல்லாத்துக்கும் இதைத்தானே எழுதுவீங்க? உங்க வழக்கப்படியே போட்டுட்டேன்."

"இதை மாத்தணும், பாய். அந்த ஆயா பேர் மார்கரெட். அதை எழுதணும்."

கிஃபாயத்துல்லா பேனாவைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் நிஜமான வருத்தம். "அடிச்சுத் திருத்தினா செல்லாது. புதுசா அடிக்கணும். அஞ்சு நகல், அஞ்சு தாள் வீண். இன்னிக்கு அவார்டு வாங்கின ஆள் நீங்க, நீங்களே இப்படிப் பேசலாமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கையெழுத்துகூட வேண்டாம் பாய். ரப்பர் ஸ்டாம்பு போதும். மை மிச்சம்."

ஐந்து நகலிலும் டப்பு டப்பென்று ஸ்டாம்பு விழுந்தது.

கையூம் கடைசி பஸ் பிடித்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு குப்பத்துக்கு வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பன்னீர்செல்வத்தின் குடிசைக்குப் போனார். அடுப்பின் மேல் உலைப் பானை இருந்தது. கீழே நெருப்பு இல்லை. பன்னீர்செல்வம் அதன் எதிரே குந்தியிருந்தான்.

"இன்னா பாய் அது?"

"வெறகு," என்றார் கையூம்.

பன்னீர்செல்வம் வாங்கி, பித்தளை எழுத்துகளைத் தடவிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கத்தி முனையால் எழுத்துகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு மரத்தை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தான்.

நன்றாகக் காய்ந்த மரம். ஒரு உலை கொதிக்கிற அளவுக்கு எரிந்தது.